மூன்று நிமிடப் பாட்டு மனசை என்ன செய்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயது மகள் எந்நேரமும் ஹெட்ஃபோனும் சோகப் பாட்டுமாக இருக்கிறாள், இது அவள் மனநிலையைக் கெடுத்துவிடுமா என்பது கேட்டவரின் முதல் கவலை. கூடவே இரண்டு சந்தேகங்கள். தன்னுடைய இளவயதுப் பாட்டுகளைக் கேட்டால் மட்டும் இன்றைக்கும் ஏன் தொண்டை அடைக்கிறது? வெகுஜன இசை சமூகத்தை மாற்றுகிறதா, இல்லை மாறிவிட்ட சமூகத்தைப் பாடிக் காட்டுவதோடு சரியா?

மகளைப் பற்றிய பதிலைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் பேசாமல் அதைச் சொன்னால் வெறும் அறிவுரையாகிவிடும். என் கட்சி இதுதான்: ஒரு பாட்டின் பலத்தில் பாதிக்கு மேல் அந்தப் பாட்டுக்குள் இல்லை. எந்த வயதில் கேட்டோம், யாரோடு கேட்டோம், எத்தனை தடவை கேட்டோம் என்பதில் இருக்கிறது.

சரி, பாட்டுக்குள் இருக்கும் பாதியை முதலில் பார்ப்போம். அது ஒன்றும் சின்ன விஷயமில்லை. வருத்தத்தில் இருப்பவர் மெதுவாக, தாழ்ந்த குரலில், இழுத்துப் பேசுவார். உற்சாகத்தில் இருப்பவர் வேகமாக, உரக்க, குரல் ஏறி இறங்கப் பேசுவார். இசையும் இதே வழியில்தான் நடக்கிறது. கேமரூன் நாட்டு மலைப்பகுதியில் வாழும் மாஃபா மக்களில் மேற்கத்திய இசையே கேட்டிராதவர்களிடம் அந்த இசையைப் போட்டுக் காட்டி 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. எது மகிழ்ச்சி, எது சோகம், எது அச்சம் என்று குத்துமதிப்பாகச் சொன்னால் கிடைக்கும் அளவைவிடத் தெளிவாகவே சரியாகப் பிரித்தார்கள். ஆனால் எல்லாமே இப்படி உலகப் பொதுவாக இருந்துவிடவில்லை. பொலிவியாவின் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களுக்கு, மற்றவர்கள் இனிமை என்று நினைக்கும் சுரச் சேர்க்கையும் நாராசம் என்று முகம் சுளிக்கும் சேர்க்கையும் ஒரே அளவு இனிமையாகத்தான் பட்டன என்று 2016-இல் வந்த ஆய்வு சொன்னது. வேகம், உரப்பு, ஏற்ற இறக்கம் இவை உடம்போடு வந்தவை. எது இனிமை என்பதில் பெரும்பகுதி காதுக்குப் பழக்கிக் கொடுத்தது.

இதில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. உலகின் பல மூலைகளிலிருந்து சிறு சமூகங்களின் பாடல்களைத் திரட்டி, 60 நாடுகளைச் சேர்ந்தவர்களைக் கேட்கவைத்து, இது எதற்காகப் பாடப்பட்டது என்று கேட்டார்கள். 2018-இல் வெளியானது. மொழி தெரியாத நிலையிலும் ஆட்டப் பாட்டையும் தாலாட்டையும் மக்கள் நன்றாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். காதல் பாட்டில்தான் கோட்டைவிட்டார்கள். வெகுஜன இசையில் பெரும்பங்கு காதல் பாட்டுதான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு மெட்டைக் காதலாக ஆக்குவது சொல்லும், குரலும், அதைக் கேட்கும் ஆளின் நிலைமையும்.

அப்புறம் அந்தப் புல்லரிப்பு. மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பிடித்த பாட்டுகளை அவரவரே எடுத்துவரச் சொல்லி, கேட்கும்போது மூளையைப் படம்பிடித்தார்கள். புல்லரிக்கும் கணத்தில், இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது. அது எதிர்பார்த்ததுதான். அந்த இடம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரக்கத் தொடங்கியிருந்தது என்பதுதான் செய்தி. ‘இதோ வரப்போகிறது’ என்ற காத்திருப்புக்கே தனியாக ஒரு சன்மானம். இசை தரும் உணர்வின் வேர் எதிர்பார்ப்பும், அதைத் தள்ளிப்போடுவதும், பிறகு நிறைவேற்றுவதும்தான் என்று இசையியலாளர் லெனர்ட் மேயர் 1956-லேயே எழுதிவிட்டார். மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்து அவரைப் பெருமளவு ஆமோதித்திருக்கின்றன.

எதிர்பார்க்க வேண்டுமென்றால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் வெகுஜன இசை இவ்வளவு வெட்கமில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது. பல்லவி நான்கு முறை, அதே தாளம், பழகிய சுரவரிசை, நடுவில் ஒரே ஒரு திருப்பம். ஒன்றைப் பலமுறை எதிர்கொள்வதே அதன்மேல் பிடித்தத்தை வளர்க்கும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டினார். டயானா டாய்ச் என்ற இன்னொரு உளவியலாளர் கவனித்தது இன்னும் வேடிக்கை. பேச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால், சிறிது நேரத்தில் அது பாட்டாகக் கேட்க ஆரம்பித்துவிடும். ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று குறை சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரே மாதிரித்தனம் தற்செயலாக வந்த சோம்பேறித்தனம் கிடையாது. பரிச்சயத்துக்கும் வியப்புக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதே இந்தத் தொழிலின் முழு வித்தை.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். காதும் அறிவும் நன்றாக வேலை செய்யும், மற்ற இன்பங்களில் குறைவே இருக்காது, ஆனால் இசை மட்டும் ஒன்றுமே செய்யாது. அப்படி ஒரு சிறு பகுதி மக்கள் இருக்கிறார்கள் என்று பார்சிலோனாவில் நடந்த ஆய்வு 2014-இல் உறுதிப்படுத்தியது. அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று திட்டுவதில் பிரயோசனமில்லை.

இப்போது இளவயதுப் பாட்டு. ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 1989-இல் வெவ்வேறு வயதினருக்குப் பல பத்தாண்டுகளின் ஹிட் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவருக்கு அதிகம் பிடித்தவை, அவருடைய இருபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்தவை. உச்சம் ஏறத்தாழ 23 அல்லது 24 வயதில் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த எண் முன்னும் பின்னும் நகர்கிறது, பெரும்பாலும் பதின்பருவத்தை நோக்கி. வாழ்க்கை நினைவுகளிலும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவையே அடர்த்தியாகத் தங்குகின்றன என்பது உளவியலில் நன்றாக நிலைபெற்ற செய்தி. முதல் வேலை, முதல் பிரிவு, வீட்டைவிட்டு முதல் தடவை வெளியே தங்கியது, ‘நான் இன்னார்’ என்று முடிவுகட்டியது எல்லாம் அந்த ஆண்டுகளில்தான். அப்போது எந்தப் பாட்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்ததோ அது அந்த நினைவோடு சேர்த்துத் தைக்கப்பட்டுவிடுகிறது. இருபது வருஷம் கழித்து எங்கோ அது ஒலிக்கும்போது தொண்டையை அடைப்பது அந்த மெட்டு என்று நினைக்கிறோம். வருவது அந்த ஆண்டு.

இசையோடு ஒட்டிய நினைவு கிளர்ந்தெழும்போது நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்புற நடுப்பகுதி சுறுசுறுப்பாவதைப் பெட்ர் ஜனாட்டா 2009-இல் காட்டினார். அல்சைமர் நோயில் ஒப்பீட்டளவில் தாமதமாகச் சேதமாகும் பகுதிகளில் அதுவும் ஒன்று. பெயர்களை மறந்துவிட்ட முதியவர் பழைய பாட்டின் அடுத்த வரியைச் சரியாக எடுத்துக் கொடுப்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

‘எங்கள் காலத்துப் பாட்டு மாதிரி வராது’ என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்வதை இந்த வெளிச்சத்தில் கேட்டால் கோபமே வராது. அவர்கள் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. கேரல் க்ரம்ஹான்ஸல் என்ற ஆய்வாளர் 2013-இல் வெளியிட்டது இதற்கு ஒரு மறுபக்கத்தைச் சேர்க்கிறது. இருபது வயதுக்காரர்களிடம் கேட்டபோது, தங்கள் காலத்துப் பாட்டுகளுக்கு அடுத்தபடியாக, தங்கள் பெற்றோரின் இளவயதில் வந்த பாட்டுகளோடும் அவர்களுக்கு ஒட்டுதல் தெரிந்தது. வீட்டில் ஓடிய பாட்டு பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது.

இனி சமூகம். இங்கே கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பண்பாட்டில் இசை செய்த மாற்றம் என்று நாம் சொல்வதில் நிறைய, உண்மையில் மைக்கும் இசைத்தட்டும் செய்த மாற்றம். எடிசன் 1877-இல் ஒலியைப் பதிவு செய்தார். பிறகு வந்த, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். அந்தத் தட்டு வழக்கொழிந்தும் பாட்டு அந்த நீளத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. 1925 வாக்கில் மின்சார மைக் ஒலிப்பதிவுக்கு வந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு கூம்புக்குள் முழங்க வேண்டும். மைக் வந்த பிறகு பிங் கிராஸ்பி போன்றவர்கள் காதருகே பேசுவது மாதிரி பாட முடிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் பல லட்சம் வீடுகளில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொஞ்சுகிறார்! மனித வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒரு நெருக்கம் சாத்தியமே இல்லை. ரசிகர் என்ற இன்றைய பிறவி அங்கேதான் உருவாகிறது என்பது என் எண்ணம்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இது உடனே உறைத்தது. உலகப் போர் உச்சத்தில் இருந்த 1942-இல், உருகி உருகிப் பாடும் பாட்டுகள் போர்க்காலத்துக்கு ஆகாது என்று பிபிசி அவற்றைக் கட்டுப்படுத்தியது. படைவீரர்கள் கேட்க விரும்பியதோ அதே உருக்கத்தைத்தான். நைஜீரியாவில் ராணுவத்தைக் கிண்டலடித்துப் பாடிய ஃபெலா குட்டியின் வளாகத்துக்குள் 1977 பிப்ரவரியில் படையினர் புகுந்து எரித்தார்கள். அவருடைய வயதான தாயை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தாய் இறந்துபோனார். சிலியில் 1973 ராணுவப் புரட்சி நடந்த சில நாள்களுக்குள் பாடகர் விக்டர் ஹாராவைக் கொன்றார்கள். பாட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

ஆனால் பாட்டு தானாக ஓர் ஆட்சியைக் கவிழ்த்ததா? எஸ்டோனியாவைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். அங்கே முதல் பாட்டுத் திருவிழா 1869-இல் டார்ட்டு நகரில் நடந்தது. அதிலிருந்து சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊர் ஊராகக் குழுக்கள் திரண்டு ஒரே மேடையில் சேர்ந்து பாடுவது வழக்கமானது. சோவியத் ஆட்சி வந்த பிறகும் விழா நிற்கவில்லை. ஆட்சியைப் புகழும் பாட்டுகளைச் சேர்த்துவிட்டு நடத்த அனுமதித்தார்கள். லிடியா கொய்துலா எழுதிய தாய்நாட்டுக் கவிதைக்கு குஸ்டாவ் எர்னெசாக்ஸ் அமைத்த மெட்டு, அந்தக் காலத்தில் மக்களின் மறைமுக தேசிய கீதமாகவே ஆகிவிட்டது. 1988 கோடையில் தாலின் நகரின் விழாத் திடலில், இரவுக்கு இரவு ஒரு லட்சம் பேர் வரை கூடி, தடுக்கப்பட்ட பாட்டுகளைப் பாடினார்கள். 1991 ஆகஸ்ட் 20 அன்று நாடு விடுதலையை அறிவித்தது.

சோவியத் ஒன்றியம் உள்ளுக்குள் தளர்ந்திருந்தது, அதன் தலைவர் கோர்பச்சோவ் கட்டுகளைத் தளர்த்தியிருந்தார், பொருளாதாரம் படுத்திருந்தது. இவையெல்லாம் இல்லாமல் எத்தனை இரவு பாடியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. அதே சமயம், கிட்டத்தட்ட 120 ஆண்டுகளாகக் கூடிப் பாடிப் பழகிய ஒரு ஜனத்திடம் அந்த வாய்ப்பு வந்து சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர்களோடு தோளுரசி நின்று, ஒரே மூச்சில் பாடி, கலைந்து வீட்டுக்குப் போகும் ஒழுங்கு அவர்களுக்குப் புதிதல்ல. பாட்டு அவர்கள் கருத்தை மாற்றவில்லை. பக்கத்தில் நிற்பவனும் இதையேதான் நினைக்கிறான் என்பதைப் பகிரங்கமாக்கியது. பயத்தில் இருக்கும் ஒரு சமூகத்துக்கு அதைவிடப் பெரிய தகவல் கிடையாது.

சேர்ந்து பாடுவதற்கு உடம்பளவிலேயே ஒரு விளைவு உண்டு. நான்கு வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, சிலரை ஒன்றாகப் பாடி ஆடவும் சிலரை அதே விளையாட்டை இசையில்லாமல் விளையாடவும் விட்டார்கள். இசையோடு விளையாடியவர்கள் பிறகு ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். கிர்ஷ்னர், டொமாசெல்லோ இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இது.

இதற்கு எல்லை இருக்கிறது. ஜமைக்காவில் இரு கட்சிகளின் ஆள்களும் தெருவில் வெட்டிக்கொண்டிருந்தபோது, 1978 ஏப்ரல் 22 அன்று பாப் மார்லி தன் கச்சேரி மேடைக்கு அந்தக் கட்சிகளின் தலைவர்களான மைக்கேல் மேன்லியையும் எட்வர்ட் சியாகாவையும் அழைத்து, இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்து உயர்த்தினார். அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் 1980 தேர்தல் ஆண்டின் வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

இன்னும் இருண்ட பக்கமும் உண்டு. சேர்த்துக் கட்டும் அதே சக்தி யாருக்கு எதிராகவும் கட்டும். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலை நாள்களில் சைமன் பிகிண்டி என்ற புகழ்பெற்ற பாடகரின் பாட்டுகளை வெறுப்பு வானொலி ஓயாமல் ஒலிபரப்பியது. சர்வதேசத் தீர்ப்பாயம் 2008-இல் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. ஆனால் தண்டனை பாட்டுக்காக அல்ல, ஒலிபெருக்கியில் அவர் பேசிய கொலைவெறிப் பேச்சுக்காக. ஒரு பாட்டை எழுதியவன் எதற்குப் பொறுப்பு, ஒலிபரப்பியவன் எதற்குப் பொறுப்பு என்ற கேள்வியில் நீதிமன்றமே எவ்வளவு தயங்கியது பாருங்கள். ‘நல்ல இசை மனிதனை நல்லவனாக்கும்’ என்பதை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

எந்தப் பாட்டு ஹிட்டாகி ஒரு காலத்தின் அடையாளமாகிறது என்பதிலும் தற்செயலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்பது தெரியாது. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகில் எந்தப் பாட்டுக்கு எத்தனை தரவிறக்கம் என்று காட்டினார்கள். எட்டு உலகங்களிலும் வெற்றி பெற்ற பாட்டுகள் வெவ்வேறு. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், படுமோசமானது உச்சிக்குப் போவதும் அபூர்வம்தான். நடுவில் இருந்த பெருங்கூட்டத்துக்கோ எது வேண்டுமானாலும் நடந்தது. ஆகவே ‘இந்தப் பாட்டு ஹிட்டானது என்றால் இந்தத் தலைமுறையின் மனம் இப்படித்தான்’ என்று எழுதப்படும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இன்றைய நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. சோனி நிறுவனம் 1979-இல் வாக்மேனை வெளியிட்டபோது அதில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் வைத்தது. கூடவே, பாட்டின் ஒலியைத் தாழ்த்தி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படுமோ என்ற தயக்கம்தான் காரணம். மக்களுக்கு அப்படியொரு தயக்கமே இல்லை என்று விரைவிலேயே தெரிந்துவிட்டது. அடுத்து வந்த மாடலில் அந்தப் பொத்தான் போய்விட்டது. ஸ்ட்ரீமிங் இதை இன்னும் நகர்த்தியிருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றால் நீளமான முன்னிசைக்கு இடமில்லை. அமெரிக்க ஹிட் பாட்டுகளின் முன்னிசை 1980-களின் நடுவில் சராசரியாக இருபது விநாடிக்கு மேல் இருந்தது, 2015 வாக்கில் ஐந்து விநாடி அளவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் ஒரே வானொலியில் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்ட காலம் போய், ஆளுக்கொரு ப்ளேலிஸ்ட் ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ரசிகர் கூட்டம், சேர்ந்து ஆடி வெளியிடும் குட்டி வீடியோக்கள் என்று கூடிக் கேட்பதற்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் மகள். சோகப் பாட்டுக் கேட்பவர்கள் எல்லோரும் சோகத்தில் இருப்பதில்லை. டருஃபி, கோல்ஷ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 772 பேரிடம் கேட்டபோது, சோக இசை தங்களுக்குள் எழுப்புவதாக அவர்கள் அதிகம் சொன்னது பழைய நினைவின் ஏக்கத்தை. அமைதி, கனிவு போன்றவையும் பட்டியலில் இருந்தன. நிஜ இழப்பு ஏதும் இல்லாமலேயே அந்த உணர்வைத் தொட்டுப் பார்க்க முடிகிறது என்பது அதன் சுகம். அந்த வயதில் தனக்குள் நடப்பதற்குச் சொல் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் மூன்று நிமிடத்தில் அதைச் சொல்லிவிடுகிறார். ‘நான் மட்டும் இப்படி இல்லை’ என்று தெரிவதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. தாலின் திடலில் நடந்ததும் ஒருவகையில் இதுதான், அளவு மட்டும் வேறு.

எச்சரிக்கையும் உண்டு. நடந்ததையே மனத்தில் அரைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும், சோகப் பாட்டு ஆறுதல் தராமல் அந்த அரைப்பை நீட்டிக்க வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அவர்களும் ‘இது எனக்கு உதவுகிறது’ என்றே நினைத்துக்கொள்வார்கள். அதனால் என்ன பாட்டு என்பதைப் பார்க்காதீர்கள், கேட்ட பிறகு எப்படி இருக்கிறாள் என்பதைப் பாருங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிய பின் இலகுவாகி, நண்பர்களோடு பேசி, சாப்பிட்டு, தூங்குகிறாள் என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் கனத்து, ஆள்களை ஒதுக்கி, முன்பு பிடித்தவற்றில் ஆர்வம் போய், தூக்கமும் படிப்பும் வாரக்கணக்கில் கெடுகிறது என்றால், பாட்டை நிறுத்தச் சொல்வதில் பயனில்லை. ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். பாட்டு அங்கே காரணமாக இருப்பதைவிட அறிகுறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தயங்கினால், அவள் இப்போது அதிகம் கேட்கும் பாட்டு எது என்று கேளுங்கள். போடச் சொல்லி முழுதாகக் கேளுங்கள். ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்ற வாக்கியம் மட்டும் எந்த நிலையிலும் வாயில் வரக் கூடாது. பிறகு அவள் வயதில் நீங்கள் தேய்ந்துபோகும் வரை கேட்ட பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், அது ஏன் அப்போது வேண்டியிருந்தது என்பதையும் சொல்லி.